மனைவிக்கு எழுதிய பிரிவு மடல்

மஞ்சக்குப்பத்தில் எந்த அலுவலகத்தில் யார் ஓய்வு பெற்றாலும் பத்து நாளைக்கு முன்பே எனக்குத் தகவல் வந்துவிடும். நான் அதிகாரியும் இல்லை, சங்கத் தலைவரும் இல்லை. கடலூரில் ஓர் அரசுப் பள்ளியில் தமிழாசிரியர். சிதம்பரத்தில் குடியிருந்துகொண்டு தினமும் பஸ்ஸில் வந்து போகிறவன். ஆனால் பிரிவு உபசார விழாவுக்கு மடல் எழுத வேண்டும் என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். பதினாறு வரியில் ஒரு பாட்டு. அதை மேல்மூலையில் போட்டோ வைத்து, பூ பார்டர் போட்டு, தங்கச் சட்டத்துக்குள் அடைத்து, சால்வை போர்த்திய கையோடு கொடுப்பார்கள். கொடுப்பதற்கு முன்னால் நானே மைக்கில் படிக்க வேண்டும். அது எழுதாத சட்டம்.

இதில் எனக்குக் கர்வம் உண்டு. இல்லை என்று சொன்னால் பொய். பன்னிரண்டாவது வரி வரும்போது முன்வரிசையில் ஒரு கைக்குட்டையாவது வெளியே வர வேண்டும். வரவில்லை என்றால் அன்றைக்கு விழாவில் போடும் கேசரி எனக்குத் தொண்டையில் இறங்காது. மடலுக்கு முன்னால் விவரம் சேகரிக்கப் போவேன். சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டு இருக்கும். பிறந்த ஊர் எது, எந்தெந்த ஊரில் வேலை பார்த்தார், என்ன வேலை, அதில் எதைச் சாதித்தார், யாரோடு சண்டை என்று இரண்டு பக்கத்துக்கு எழுதிக்கொள்வேன். சண்டையை மட்டும் விட்டுவிட்டு மீதியைப் பாட்டில் போடுவேன்.

அழ வைப்பதற்கு ஒரு வழி இருக்கிறது. போகிறவரைப் பற்றி முதல் எட்டு வரி போதும். மீதி எட்டு வரியும் இருக்கிறவர்கள் படப்போகும் பாட்டைச் சொல்ல வேண்டும். அந்த நாற்காலி, அந்த டீ டம்ளர், அவர் வராத திங்கட்கிழமை. இதை நான் கண்டுபிடிக்கவில்லை. பழைய அகப்பாட்டுகளில் இருந்து எடுத்துக்கொண்டதுதான். பிரிவைப் பாடும் பாலைத் திணையில் தலைவன் பொருள் தேடப் புறப்படுவான். தோழி அவனை வழிமறித்து, நீ போனால் இவள் வளை நழுவும், நெற்றி பசலை பூக்கும், நீ திரும்பி வரும்போது இவள் இருப்பாளோ மாட்டாளோ என்பாள். அவன் எடுத்து வைத்த காலைப் பின்னால் வைப்பான். செலவழுங்குதல் என்று அதற்கு ஒரு துறையே வகுத்திருக்கிறார்கள். வகுப்பில் அதை நடத்தும்போது என் குரல் தானாகவே ஏறும்.

போகிறவனைத் தடுப்பதில் நம் ஆட்களுக்கு ஈடு கிடையாது. எங்கள் பக்கத்தில் முக்குக் கடைக்குத் தயிர் வாங்கப் போகிறவன்கூட 'போறேன்' என்று சொல்லிவிட்டால் வாயில் போட வருவார்கள். செருப்பு மாட்டியபின் 'எங்க போற' என்று கேட்டுவிட்டால் போச்சு, உள்ளே வந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்ப வேண்டும். நான் எழுதிய மடல்களும் அந்த ரகம்தான். இத்தனை வருஷத்தில் ஒருவர்கூட என் பாட்டைக் கேட்டு ஓய்வை ரத்து செய்யவில்லை. அரசாங்கம் விடாது. அதனால் என் பாட்டால் யாருக்கும் கெடுதல் வரவில்லை.

என் மனைவிக்கு எழுதும்வரை வரவில்லை என்று சொல்ல வேண்டும்.

அவள் பரங்கிப்பேட்டையில் ஒரு கடல் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். பதினான்கு வருஷமாகத் திட்டப் பணி. ஒரு திட்டம் முடிந்தால் அடுத்த திட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டும். காலை ஏழரை பஸ்ஸுக்குப் போய், சாயங்காலம் சுடிதார் ஓரத்தில் காய்ந்த சேற்றோடு வருவாள். என்ன வேலை என்று யாராவது கேட்டால் 'அலையாத்திக் காடு பத்தி ஆராய்ச்சி' என்று நான் சொல்வேன். அதற்கு மேல் அவர்களும் கேட்க மாட்டார்கள், எனக்கும் சொல்லத் தெரியாது. அவள் வீட்டில் சொல்ல ஆரம்பித்த நாட்கள் உண்டு. நான் செய்தித்தாளைப் புரட்டிக்கொண்டே 'ம்' போடுவேன். பிறகு அவளும் சொல்வதைக் குறைத்துக்கொண்டாள்.

போன வருஷம் ஜப்பானில் ஒரு தீவில் இருந்து அவளுக்கு அழைப்பு வந்தது. பதினெட்டு மாதம் அங்கே ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை செய்யலாம். அவளுக்கு நாற்பத்து மூன்று வயது. அடுத்த முறை விண்ணப்பித்தால் வயது வரம்பு தாண்டிவிடும் என்று அவளே சொன்னாள். போனில் அந்தக் கடிதத்தைக் காட்டினாள். 'ரொம்ப சந்தோஷம்' என்றேன். சொல்லிவிட்டுக் கொல்லைப்புறம் போய், காரணமே இல்லாமல் வாளியைக் கழுவிக் கவிழ்த்தேன்.

எனக்குப் பயம். அதுதான் உண்மை. கல்யாணத்துக்கு முன்னால் அம்மா, பின்னால் இவள். நான் தனியாக ஒரு வாரம் இருந்தது கிடையாது. பிளஸ் ஒன் படிக்கும் என் மகள் என்னைவிடத் தைரியசாலி. 'அம்மா போவட்டும்ப்பா, ரசம் வைக்க எனக்குத் தெரியும், உனக்குக் கத்துக் குடுக்குறேன்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டாள். நானும் தலையை ஆட்டினேன். உள்ளுக்குள் வேறு ஒரு தலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடிக்கொண்டிருந்தது.

புவனகிரியில் என் மனைவியின் அண்ணன் இருக்கிறார். உரக்கடை வைத்திருக்கிறார். வெளிநாடு போகிறவர்களுக்கு உறவுக்காரர்கள் விருந்து வைத்து அனுப்புவது எங்கள் வழக்கம். ஆனால் அந்த விருந்தெல்லாம் இதுவரை துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் போன ஆண்களுக்குத்தான் நடந்திருக்கிறது. தங்கச்சி ஜப்பானுக்குப் போகிறாள் என்றதும் மச்சானுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஒப்புக்கொள்கிறேன் என்று கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டிய தாளே இன்னும் அவள் பையில் இருந்தது. அனுப்ப அடுத்த வெள்ளிக்கிழமை கடைசி நாள். அதற்குள் ஞாயிற்றுக்கிழமையே பந்தல் போட்டு முப்பது பேரைக் கூப்பிட்டுவிட்டார்.

"மாப்ள, ஊர்ல இருக்குறவங்களுக்கெல்லாம் மடல் எழுதுறீங்க. என் தங்கச்சிக்கு ஒண்ணு எழுதலன்னா நல்லாவா இருக்கும்?" என்று போனில் கேட்டார்.

அவர் கேட்பதற்கு முன்பே நான் எழுதி முடித்திருந்தேன். ஒரே மூச்சில் வந்தது. நோட்டை எடுக்கவே இல்லை. பொண்டாட்டியைப் பற்றி எழுத விவரம் எதற்கு? மஞ்சக்குப்பத்தில் வழக்கமாக அச்சடிக்கும் கடையில் கொடுத்து, அதே பூ பார்டர், அதே தங்கச் சட்டம் போட்டு, புவனகிரிக்குத் துணிப்பையில் மறைத்து எடுத்துப் போனேன்.

பந்திக்கு இலை போடுவதற்கு முன்னால் எழுந்து நின்று படித்தேன். இந்த வீட்டுக்கு விளக்கு நீ என்று தொடங்கினேன். உன் கைச் சோறு, உன் வளையல் சத்தம், மகளின் பின்னல் என்று நடுவில் போனேன். நீ போன பின் விளக்கு எரியும், வெளிச்சம் இருக்காது என்று முடித்தேன். அன்றைக்கு எனக்குக் குரலும் நன்றாக வந்தது. சின்ன மாமியார் முதலில் ஆரம்பித்தார். பிறகு வரிசையாக. தன் அப்பா செத்தபோது பாடைக்கு மூங்கில் வாங்க ஓடிக்கொண்டிருந்ததில் அழவே நேரம் கிடைக்காத மச்சான், தோளில் இருந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். மகள் எழுந்து மாட்டுக் கொட்டகைப் பக்கம் போய்விட்டாள். என் வாழ்க்கையில் நான் படித்த மடல்களில் அதுதான் நன்றாகப் படித்தது.

என் மனைவி மட்டும் அழவில்லை. சட்டத்தை வாங்கிக்கொண்டு, 'நல்லா இருக்குது' என்று சொல்லிவிட்டுச் சுவரோரம் சாய்த்து வைத்தாள். இலை போட்டதும் வந்து உட்கார்ந்து, கோழிக்குழம்பைச் சோற்றில் பிசைந்துகொண்டே இருந்தாள். உணர்ச்சி மேலிட்டுவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை பஸ்ஸுக்குக் கிளம்பும்போது, போகவில்லை என்று முடிவு செய்திருப்பதாகச் சொன்னாள். வர இயலாது என்று மெயில் எழுதி வைத்திருக்கிறாள். வெள்ளிக்கிழமை அனுப்பிவிடுவாள். போனை நீட்டி, ஒரு தடவை படித்துப் பாருங்கள் என்றாள். அவள் இங்கிலீஷ் என் இங்கிலீஷைவிட நூறு பங்கு மேல். இருந்தாலும் படித்தேன். குடும்பச் சூழ்நிலை காரணமாக என்று எழுதியிருந்தாள். 'சரியாத்தான் இருக்குது' என்று போனைத் திருப்பிக் கொடுத்தேன்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை எழுதும்போது கை கூசுகிறது. ஆனாலும் அதுதான் நடந்தது. அன்று சாயங்காலம் பஸ் விட்டு இறங்கியதும் மார்க்கெட்டுக்குப் போய் வஞ்சிரம் வாங்கினேன். மகள் தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சாப்பிட்டுவிட்டு எழுந்து போனாள். மறுநாள் பள்ளிக்கூடத்தில் பதினோராம் வகுப்புக்குச் செலவழுங்குதல் பாடம் இல்லாமலே செலவழுங்குதல் நடத்தினேன். சொல்லுக்கு எவ்வளவு பலம் பாருங்கள் என்று சொன்னேன். சொன்னது பிள்ளைகளிடம். பெருமை அடித்துக்கொண்டது என்னிடம்.

புதன்கிழமை மஞ்சக்குப்பத்தில் ஓர் அலுவலகத்தில் அடுத்த மடலுக்கு விவரம் சேகரிக்கப் போனேன். மாதக் கடைசியில் ஓய்வு பெறப்போகிறவர் பதிவறை எழுத்தர் அம்மா. கடலூர் தேவாலயப் பங்கைச் சேர்ந்தவர். கழுத்தில் மெல்லிய சங்கிலியில் ஒரு சிலுவை தொங்கும். எத்தனையோ விழாக்களில் முன்வரிசையில் பார்த்திருக்கிறேன். நோட்டைத் திறந்து, பிறந்த ஊர் என்று ஆரம்பிப்பதற்குள் அவர், எனக்கு மடல் வேண்டாம் சார், சால்வையோடு விட்டுவிடச் சொல்லுங்கள் என்றார். அடக்கத்துக்குச் சொல்கிறார் என்று நினைத்து நான் வற்புறுத்தினேன். அவர் இரும்பு பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடுக்கைக் காட்டினார்.

அங்கே தங்கச் சட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்து நின்றன. நான் எழுதியவை. எண்ணவில்லை. எண்ணுவதற்கு மனம் வரவில்லை. மேலே இருந்ததைத் துணியால் துடைத்தார். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஓய்வு பெற்ற கண்காணிப்பாளர் சிரித்துக்கொண்டிருந்தார்.

சால்வையை எடுத்துக்கொண்டு போனார்கள், குத்துவிளக்கை எடுத்துக்கொண்டு போனார்கள், இதை மட்டும் வண்டியில் இடமில்லை, அப்புறம் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று வைத்துவிட்டுப் போய்விட்டார்கள் என்றார் அவர். பென்ஷன் விஷயமாக வருகிறபோதெல்லாம் நினைவுபடுத்துவாராம். ஒருத்தர்கூட எடுக்கவில்லை. ஏன் என்று நான் கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். மேல போட்டோ, சுத்தி பூ, கீழ 'எங்கள விட்டு எங்க போன'ன்னு பாட்டு. வீட்ல மாட்டினா மாலை போட்டு ஊதுவத்தி கொளுத்தணும் போல இருக்குதாம். நான் இன்னும் ஸ்கூட்டி ஓட்டக் கத்துக்கணும், வேளாங்கண்ணிக்கு நடந்து போவணும், எனக்கு நெறைய வேலை கெடக்குது சார்."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நானும் சிரிக்க முயன்றேன். எனக்கு வழக்கமாக மடல் அச்சடித்துக் கொடுக்கும் கடையில்தான் கண்ணீர் அஞ்சலி போஸ்டரும் அடிக்கிறார்கள். ஒரே பார்டர். அந்தப் பையன்கள் பெயரை மட்டும் மாற்றுவார்கள். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் இத்தனை வருஷம் உறைக்கவில்லை. புவனகிரியில் முப்பது பேருக்கு முன்னால், உயிரோடு உட்கார்ந்திருந்த பொண்டாட்டிக்கு நான் ஒப்பாரி வைத்திருக்கிறேன். அதற்கு மேல் அந்தப் பதிவறையில் நிற்க முடியவில்லை.

பள்ளிக்குப் போன் செய்து அரைநாள் விடுப்புச் சொன்னேன். சிதம்பரம் பஸ்ஸில் ஏறி, பு.முட்லூரில் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்துப் பரங்கிப்பேட்டை போனேன். பதினான்கு வருஷத்தில் அவள் வேலை செய்யும் இடத்துக்கு நான் போனது அதுதான் முதல் தடவை. கேட்டில் இருந்தவர், அவுங்க ஆத்துப்பக்கம் இருப்பாங்க என்று கையைக் காட்டினார். வெள்ளாறு கடலைத் தொடும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் கரை சரிந்து சேறாக இருந்தது. அவள் முழங்கால் வரை சேற்றில் நின்றுகொண்டு, தலையில் துண்டு கட்டி, ஒரு செடியின் முன்னால் குனிந்து எதையோ அளந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் யாருக்கு என்ன ஆச்சு என்றுதான் கேட்டாள்.

யாருக்கும் ஒன்றும் இல்லை என்றேன். பேண்ட்டை மடக்கிவிட்டு இறங்கப் பார்த்தேன். வழுக்கி உட்கார்ந்தேன். அவள் கையைக் கொடுக்கவில்லை. அதே இடத்தில் உட்கார்ந்தபடி, வரும் வழியெல்லாம் மனதுக்குள் அழகாகக் கோத்து வைத்திருந்ததை எல்லாம் மறந்துபோய், ஒன்றை மட்டும் சொன்னேன்.

"நீ போவக் கூடாதுன்னுதான் அதை எழுதினேன்."

"தெரியும்" என்றாள்.

"நான் அழுவேன்னுதான நிறுத்திட்ட? நான் சமாளிச்சுக்குவேன். நீ போ."

அவள் அளவுகோலைத் துடைத்துப் பைக்குள் வைத்தாள். கோபம் வந்தால் அவள் பொருட்களை மெதுவாக எடுத்து வைப்பாள். அது எனக்குத் தெரியும்.

"உங்க அழுகைக்காக நான் நிறுத்தலங்க. அழுதா ரெண்டு நாள்ல சரியாப் போவும். பதினாறு வரி எழுதினீங்க. சோறு இருக்குது, வளையல் இருக்குது. நான் வளையலே போடறதில்ல. சேத்துல எறங்கற கை இது. நான் என்னாத்துக்குப் போறேன்னு அதுல ஒரு வார்த்தை இல்ல. யாரோ பியூனுக்கு எழுதினா என்ன வேலை பாத்தாருன்னு நோட்டு போட்டுக் கேக்குறீங்க. என்கிட்ட ஒரு நாள் கேட்டிருக்கீங்களா? அங்க போயி பதினெட்டு மாசம் பாடுபட்டு ஒண்ணு கண்டுபுடிச்சா, போன் பண்ணி யார்கிட்ட நான் சொல்றது? உங்ககிட்ட சொன்னா 'ம்'னு சொல்வீங்க. அதுக்கு எதுக்குப் போவணும்னு தோணிடிச்சு."

எனக்குத் தெரிந்த பாட்டுகளையெல்லாம் அங்கேயே சேற்றில் உட்கார்ந்து ஓட்டிப் பார்த்தேன். பிரிவைப் பற்றி நம்மிடம் இவ்வளவு இருக்கிறதே, வளை நழுவினது இருக்கிறது, சுவரில் கோடு போட்டு நாள் எண்ணினது இருக்கிறது, மழைக்காலம் வந்ததும் சொன்ன சொல் பொய்த்ததும் இருக்கிறது. பொருள் தேடப் போகிறவனிடம் அது என்ன வேலை, எப்படிச் செய்வாய் என்று கேட்ட தலைவி யாராவது உண்டா? நான் படித்தவரையில் நினைவுக்கு வரவில்லை. பிரிவுக்கான மொழியை எல்லாம் வீட்டில் இருப்பவர்களே வைத்துக்கொண்டோம். போகிறவர்களுக்கு நாம் விட்டுவைத்தது வழியும் வெயிலும்தான்.

சட்டைப்பையில் இருந்து நோட்டை எடுத்தேன். பதிவறை அம்மாவுக்காகத் திறந்த பக்கம் காலியாகவே இருந்தது. பேனாவில் சேறு பட்டிருந்தது. துடைத்துவிட்டு, 'சொல்லு, என்ன வேலை?' என்றேன்.

அவள் நம்பவில்லை. ஆனாலும் பக்கத்தில் இருந்த மரத்தில் இருந்து ஒன்றைப் பறித்து என் மடியில் போட்டாள். பச்சையாக, முருங்கைக்காய் மாதிரி நீளமாக இருந்தது. சுரபுன்னை. அதன் விதை கீழே விழுந்து முளைப்பதில்லையாம். மரத்தில் தொங்கும்போதே முளைவிட்டு, இந்த நீளம் வளர்ந்து, பிறகுதான் விழுமாம். சில தாய்மரத்துக்குக் கீழேயே சேற்றில் குத்திக்கொள்ளும். சில தண்ணீரில் மிதந்து, வாரக்கணக்கில் போய், வேறு எங்கோ கரை தட்டி வேர் பிடிக்கும்.

நான் நிமிர்ந்தேன். அவள் என் முகத்தைப் பார்த்ததும் விரலை நீட்டினாள்.

"உவமை கிவமை போட்டீங்கன்னா நோட்டைப் புடுங்கி ஆத்துல போட்டுடுவேன்."

உவமை போடவில்லை. எழுதிக்கொண்டேன். ஆற்றில் நல்ல தண்ணீர் வரத்து குறைந்துவிட்டது. முகத்துவாரத்தில் மணல் மேடு தட்டுகிறது. சேற்றில் உப்பு ஜாஸ்தி ஆகிறது. புதிதாக நடும் கன்றுகளில் நிறைய செத்துப்போகின்றன, ஏன் என்று சரியாகத் தெரியாமலே மறுபடி மறுபடி நடுகிறார்கள். எந்த மரத்தின் கன்று எவ்வளவு உப்பைத் தாங்கும் என்று முன்கூட்டியே கண்டுபிடிக்க முடிந்தால் அந்தக் கன்றைத் தேர்ந்து நடலாம். அந்தத் தீவில் இதற்கென்றே தொட்டி தொட்டியாக வைத்து வருஷக்கணக்கில் வளர்த்துப் பார்க்கிறார்கள். அதைக் கற்றுக்கொண்டு வந்து இந்தக் கரையில் செய்ய வேண்டும். அவள் பேசப் பேச வேகம் கூடியது. நடுவில் நான் இரண்டு முட்டாள்தனமான கேள்விகள் கேட்டேன். ஒன்றுக்குச் சிரித்தாள். இன்னொன்றுக்கு, அது நல்ல கேள்வி என்றாள். வகுப்பில் முதல் மார்க் வாங்கிய பையனைப் போல எனக்கு இருந்தது. அலை ஏற ஆரம்பித்து இடுப்புக்குத் தண்ணீர் வந்த பிறகுதான் இருவரும் கரையேறினோம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, அந்த மெயிலை எடுத்து அழித்தாள். கையெழுத்துப் போட்ட தாளை வியாழக்கிழமையே அனுப்பிவிட்டாள். மகளிடம் நாங்கள் சொன்னபோது அவள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, முதலில் போய்க் காலைக் கழுவுங்கள் என்றாள்.

விசாவுக்கும் மற்ற காகிதங்களுக்கும் இரண்டு மாதம் ஆனது. அந்த இரண்டு மாதமும் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு நேரம் முழுக்க உப்புத்தான். நான் 'ம்' போடுவதை விட்டுவிட்டேன். புரியாததை மறுபடி கேட்டேன். சில நாள் எரிச்சலாகவும் இருந்தது. சேற்றில் காற்று இல்லை என்பதை நாலு விதமாகச் சொல்லியும் எனக்கு ஏறவில்லை. பொறுமையாக ஐந்தாவது விதமாகச் சொன்னாள். பல வருஷத்துக்குப் பிறகு அவள் கைகளை ஆட்டிப் பேசியதைப் பார்த்தேன். பயம் போய்விட்டதா என்றால் போகவில்லை. ஆனால் அது என் பயம், அதை அவள் பெட்டியில் வைத்துக் கட்டி அனுப்பக் கூடாது என்கிற அளவுக்குப் புத்தி வந்திருந்தது.

கிளம்பும் நாளுக்கு மறுநாள் மகளுக்குப் பரீட்சை. சென்னையில் இருந்து விமானம் ஏற்றிவிட மனைவியோடு வேலை செய்யும் தோழி போனாள். வழியனுப்புவது எல்லாம் சிதம்பரம் ஸ்டேஷனோடு சரி என்று மனைவியே சொல்லிவிட்டாள். காலை ரயில். மச்சான் புவனகிரியில் இருந்து புளியோதரைப் பொட்டலத்தோடும், பாதி அழுகையோடும் வந்திருந்தார். அவள் பெட்டியை மேலே ஏற்றிவிட்டு ஜன்னலோரம் வந்து உட்கார்ந்தாள். சிக்னல் விழுந்தது.

"மாப்ள, எதனா சொல்லுங்க" என்று மச்சான் என் முழங்கையை இடித்தார்.

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் கேட்டேன்.

"அந்தத் தொட்டித் தண்ணியில உப்பைத் திடீர்னு ஏத்துவாங்களா, கொஞ்சம் கொஞ்சமாவா?"

மச்சான் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். அவள் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். கம்பிக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்தாள்.

"அதுலதான் விஷயமே இருக்குது. திடீர்னு ஏத்தினா செடி சாவறதுதான் தெரியும், எதனால சாவுதுன்னு தெரியாது. கொஞ்சம் கொஞ்சமா ஏத்துனாத்தான், மொதல்ல..."

ரயில் நகர்ந்தது. நான் கூடவே நடந்தேன். அவள் கையால் எதையோ காட்டிக்கொண்டே சொன்னாள். சக்கரச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. நடைமேடை முடிந்துவிட்டது. மகள் கையாட்டிக்கொண்டே இருந்தாள். எனக்கு அழுகை வந்தது, மறைக்கவில்லை. பாசமாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்லையா மாப்ள என்று மச்சான் வெளியே வரும்வரை குறைப்பட்டுக்கொண்டே வந்தார்.

வண்டி நிறுத்தும் இடத்துக்கு வருவதற்குள் போன் அடித்தது. ரயில் பரங்கிப்பேட்டையைத் தாண்டிக்கொண்டிருக்கும். எடுத்தேன். ஹலோவும் இல்லை, பத்திரமா இருங்க என்பதும் இல்லை.

"மொதல்ல வேர்லதான் தெரியும். இலையில தெரியறதுக்குள்ள லேட் ஆயிடும். கேக்குதா?"

"கேக்குது" என்றேன். "சொல்லு."